படிக்கட்டு விளக்கின் கோபம்

1928 டிசம்பர், யூதர்கள் எட்டு நாள் விளக்கேற்றும் ஹனுக்கா பண்டிகையின் முதல் நாள் மாலை. ஒரு யூதர் வீட்டு அலமாரியில் இரண்டு வெள்ளி விளக்குகள் இருந்தன. புதியதன் பெயர் படிக்கட்டு. பூவேலை கிடையாது, சிங்க முகம் கிடையாது. வழவழப்பான எட்டு அகல்கள் ஒன்றைவிட ஒன்று உயரமாக ஏறிப்போயின. இன்று எரியப்போகிறோம் என்று காலையிலிருந்தே அது துடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரி ஹன்னா எண்ணெயோடு வந்தாள். "முறைப்படி எட்டுச் சுடரும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டுமே! இதில் எப்படி ஏற்றுவது?" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, நசுங்கிய பழைய விளக்கை எடுத்துத் துடைத்தாள்.

"பார்க்க நீ, எரிய நான். விடு தம்பி," என்றது பழையது.

படிக்கட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னைச் செய்தவன் இவள் கூடப்பிறந்த எமில்தானே? இவளோடு வளர்ந்தவனுக்கு இந்த முறை தெரியாதா?"

"நன்றாகத் தெரியும். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உன்னை வரைந்தான். ஒரே மட்டமாக நின்றால் சலிப்பாக இருக்கிறதாம்."

"சலிப்பு அவனுக்கு, பட்டினி எனக்கா? அந்தப் பயல் இந்தப் பக்கம் வரட்டும்!"

எமில் வரவில்லை. ஒரு திரிகூட எரிந்திராத படிக்கட்டு, 1929 ஜூன் 14 அன்று, ஒரு கைவினைக் கண்காட்சியில் அந்த ஆண்டின் சிறந்த விளக்கு என்று தங்கப் பதக்கம் பெற்றது.