ஒரு சுவர், இரண்டு கட்சி

அப்பா வலது கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். பிறகு கையை மாற்றி, இடது கண்ணை மறைத்துக்கொண்டு பார்த்தார்.

காலையிலிருந்து இதே வேலை.

“கண்ணுகிட்ட கையைக் கொண்டு போகாதீங்கப்பா” என்று நானும் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். யார் காதில் விழுகிறது.

வலது கண்ணில் புரை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. இடது கண்ணுக்குத் தேதி கேட்டு மருத்துவமனையிலிருந்து அழைத்திருந்தார்கள். போன் என் காதில் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண், செவ்வாய்க்கிழமை போட்டுவிடவா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். இப்போது விட்டால் டாக்டர் கிடைக்கப் பல மாதம் ஆகும். அதற்குள் புரை முற்றிவிடும், அப்புறம் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

பயம் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் எந்தச் சுவரைப் பார்க்கிறார் என்பது எனக்கு உறைத்தது.

அப்பா பெயிண்ட் கடையில் கலர் கலந்தவர். அம்மா கல்லூரியில் தத்துவம் நடத்தியவள். இருவரும் குடும்பம் நடத்தியதே ஒரு நீண்ட விவாதம்தான்.

சாப்பாடு போட்டபடியே அம்மா ஆரம்பிப்பாள். மனசு என்று தனியாக எதுவும் கிடையாது, மூளைக்கே அது இன்னொரு பெயர் என்பது ஒரு கட்சி. இல்லை, உடம்பு வேறு, மனசு வேறு, இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன என்பது இன்னொரு கட்சி. கல்லுக்கும் மண்ணுக்கும்கூடத் துளி உணர்வு உண்டு என்று சொல்லும் மூன்றாவது கட்சியும் இருக்கிறதாம்.

அதைக் கேட்ட மறுநாள், பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பும்போதெல்லாம் அதனிடம் மன்னிப்புக் கேட்டதாக அப்பா வந்து சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

நான் கல்யாணமாகிப் போன பிறகு, என் அறையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சுவருக்கு இளம்பச்சை வேண்டும் என்றாள் அம்மா. இத்தனை வருஷத் தொழில்காரருக்கு கலர் அட்டையைப் பார்த்துக் கலந்தால் கௌரவக் குறைச்சல். கண் திட்டத்திலேயே கலந்து எடுத்துவந்து, தன் கையாலேயே அடித்தார்.

காய்ந்ததும் அம்மா வந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறது, ஆனால் இது நீலம் என்றாள்.

பிடித்தது சண்டை.

டப்பாவில் எது இருக்கிறதோ அதுதான் சுவரிலும் இருக்கிறது, நான் கலந்தது பச்சை, ஆகவே சுவர் பச்சை. இது அப்பா கட்சி. டப்பாவில் இருப்பது வெறும் பொடியும் எண்ணெயும்தான். அந்தப் பொடியை எத்தனை சோதித்தாலும், நீலம் ஒருவருக்கு எப்படித் தெரிகிறது என்பது அதில் அகப்படாது. இது அம்மா கட்சி. உங்கள் கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேனே என்பாள். அது யாராலும் முடியாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நடுவராக என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கும் நீலமாகத்தான் தெரிந்தது. ஆனால் நான் வாயைத் திறந்ததில்லை. இரண்டு பேரிடமும் சாப்பிட வேண்டுமே.

அப்பாவின் கண் அப்போதே மஞ்சளடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மஞ்சள் வழியாகப் பார்த்தால் நீலம் பச்சையாகத்தான் தெரியும், அதனால்தான் மனிதர் நீலத்தை ஊற்றிக்கொண்டே போயிருக்கிறார் என்று டாக்டர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

இப்போது வலது கண்ணைக் காட்டிச் சொன்னார். “இதுல நீலமாத் தெரியுது. உங்கம்மா பாத்தது இதுதான்.” பிறகு இடது கண்ணைக் காட்டினார். “இதுல இன்னும் பச்சை. இதையும் மாத்திட்டா ரெண்டும் ஒண்ணையே சொல்லும். அப்புறம் அவகூட நான் என்னத்தப் பேசறது?”

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. காலையிலிருந்து இந்த மனிதர் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் கையை எடுங்க, கையை எடுங்க என்று நடுவில் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

போனில் அந்தப் பெண் ஹலோ, ஹலோ என்றாள்.

ஒரு விஷயத்தை நான் அப்பாவிடம் சொன்னதே இல்லை. சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

கடைசி நாட்களில் அவள் இந்தச் சுவரைப் பார்த்தபடிதான் படுத்திருந்தாள். அப்பா மருந்து வாங்கப் போயிருந்த ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். “எனக்கும் இப்ப பச்சையாத்தாண்டி தெரியுது. அவர்கிட்ட சொல்லிடாத. ஜெயிச்சுட்டா தனியாயிடுவாரு, பாவம்.”

அவளுக்கும் கண்ணில் புரை விழுந்திருந்தது. இருந்த நோய்க்கு நடுவே அதை யார் கவனித்தார்கள்.

அப்பா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், என் நீலச் சுவர் எப்படி இருக்கிறது பாருங்கள் என்று தொடங்கிவிட்டாள். அவர் மருந்துப் பையை அப்படியே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் தூங்கும்வரை விடாமல் வாதாடினார்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, எல்லாவற்றையும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் காலையிலிருந்து முதல் தடவையாக இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

“கட்சி மாறிட்டாளா” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

“அப்ப நான் அந்தப் பக்கம் போயிடறேன். நீலத்துக்கும் ஒரு ஆள் வேணும்ல. செவ்வாய்க்கிழமையே போட்டுக்கச் சொல்லு.”