ஏழாவது ஆள்

"இதுவரை ஆறு பேரை அறுத்திருக்கிறேன். நான்கு பேர் இறந்துவிட்டார்கள். இதை அவனிடம் சொல். கேட்ட பிறகும் சம்மதம் என்றால்தான் தொடுவேன்."

ஒல்லாந்து தேசத்து வைத்தியர் தன் டச்சு மொழியில் சொல்லிவிட்டு, துபாசி ஆதிகேசவன் அதைத் தமிழில் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

பலகையில் தருமன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். ஏரியில் வலை போடுகிறவன். நாற்பது வயது. மூன்று மாதமாகக் கல்லடைப்பு. சிறுநீர் ரத்தத்தோடு சொட்டுச் சொட்டாக வந்தது. படகில் உட்காரக்கூட முடியவில்லை. நெருஞ்சில் கஷாயம் குடித்துப் பார்த்தான். கேட்கவில்லை.

மனைவி இருசம்மாள்தான் அவனைப் பழவேற்காட்டுக் கோட்டைக்குக் கூட்டி வந்திருந்தாள்.

பக்கவாட்டில் கீறிக் கல்லை எடுக்கும் புது முறை ஒன்றை வைத்தியர் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நோயாளியின் வயது, சிறுநீரின் நிறம், கல்லின் அளவு, பிழைத்தானா இல்லையா, எல்லாவற்றையும் எழுதி வைப்பார். எதையும் மறைக்கிற ஆள் அல்ல.

"இன்னா சொல்றாரு தொர?" என்றான் தருமன்.

ஆதிகேசவன் ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஆறு பேருக்கு அறுத்தாராம். ஆறு பேரும் நல்லாயி, நடந்தே வூட்டுக்குப் போய்ட்டாங்களாம்."

தருமன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். பல நாளுக்குப் பிறகு அவன் முகம் தெளிந்தது.

"அப்போ அறுக்கச் சொல்லுங்க ஐயா."

அதை மட்டும் ஆதிகேசவன் மாற்றாமல் சொன்னான்.

கோட்டை ஆட்கள் நான்கு பேர் தருமனின் கைகாலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். அவன் அலறல் கோட்டை மதிலுக்கு வெளியே அனுப்பப்பட்டிருந்த இருசம்மாளுக்குக் கேட்டது. கல் எலுமிச்சங்காய் அளவு இருந்தது.

அதன்பின் தினமும் விடிந்ததும் ஆதிகேசவன் வந்தான். காய்ச்சல் இருக்கிறதா, புண்ணில் சீழ் இருக்கிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டான். ஒருநாள் தன் கையாலேயே கஞ்சி ஊட்டினான். ஐந்தாம் நாள் தருமன் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபோது ஆதிகேசவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆறாம் நாள் தருமனுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது.

ஒன்பதாம் நாள் காலையில் ஆதிகேசவன் வந்தபோது தருமனின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். இருசம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள்.

வைத்தியர் ஆதிகேசவன் அருகில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"உன் வயதுதான் இவனுக்கும். கல்லும் உனக்கு இருப்பதைப் போலத்தான். இவன் பிழைத்தால் அடுத்து நீ பலகையில் படுப்பதாகச் சொல்லியிருந்தாய். இப்போது என்ன சொல்கிறாய்?"

"எனக்கு வேண்டாம்" என்றான் ஆதிகேசவன், அவருடைய மொழியிலேயே.

இருசம்மாளுக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. மெல்ல எழுந்து வந்து அவன் முன்னால் கைகூப்பினாள்.

"கூடப் பொறந்தவங்களே எட்டிப் பாக்கல. நீங்கதான் சாமி தெனமும் வந்து பாத்தீங்க."