முழு வாக்கியம்

அதிகாரி நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மற்றவர்கள் நின்றார்கள்.

தவசி மாமாவும் நின்றார். ஒற்றைக் காலும் ஊன்றுகோலுமாக. இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ப்ளீஸ் மேடம்" என்று இவளிடம்தான் சொன்னார்.

மேடம்.

பிறந்ததிலிருந்து யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மக்கள் நீதிமன்றம் என்று பெயர். சந்தை இரைச்சல். மேஜைக்கு மேஜை பேரம். அவர்களுடைய வக்கீல் சகாயம் அடுத்த மேஜையில் வேறு யாருக்காகவோ மாரடித்துக்கொண்டிருந்தார். இந்த மேஜை நீதிபதி முந்தைய கேசுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பா மகள் கல்யாணத்துக்குச் சீர் ஏற்றிப்போன குட்டி யானை வண்டி, சொந்தக்காரர்களோடு திரும்பும் வழியில் கவிழ்ந்தது. பீரோவும் கட்டிலும் அதற்குள் மாப்பிள்ளை வீட்டில் பத்திரமாக இறங்கியிருந்தன. ஒரு கீறல் இல்லை.

ஆட்களுக்குத்தான்.

சரக்கு வண்டியில் ஏறிய சொந்தபந்தத்துக்குக் கம்பெனி காலணா தராது. சுமை தூக்க ஏறிய கூலியாளுக்கு என்றால் தரும். அதனால் சகாயம் எல்லாரையும் ஆபீசில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

"யாரு என்ன கேட்டாலும் ஒரே பேச்சு. நாங்க கூலிக்கு லோடு ஏத்த வந்தவங்க. வண்டியில சாமான் இருந்துச்சு. தீந்துச்சு."

"பொய் என்ன சார் இருக்கு? அந்த பீரோவ நாங்கதான தூக்குனோம்" என்றாள் ஒச்சம்மா அத்தை.

"கூலி வாங்குனியாம்மா?"

"பொண்ணு வீட்டுக்காரிக்கு எவன் குடுப்பான் கூலி? ஆளுக்கொரு தேங்காப்பை குடுத்து அனுப்புனாய்ங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நான் எம்.எஸ்ஸி. மேத்ஸ் சார். என்னையக் கூலின்னு எழுதாதீங்க."

சகாயம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அப்ப நீ வாயத் தொறக்காத பாப்பா."

அந்தக் கடுப்பு இன்னும் ஆறவில்லை. வேலைக்குப் போகிற துணியில் வரச் சொல்லியிருந்தார் சகாயம். மாமா சாயம் போன கைலியில் வந்தார். அத்தை காட்டு வேலைக்குப் போகிற சேலையில் வந்தாள். அவள் மட்டும் இன்டர்வியூவுக்கு என்று எடுத்துவைத்திருந்த சுடிதாரை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்தாள்.

அதிகாரி பேனாவை மூடினார். சிரித்தார். ஆங்கிலத்தில் கேட்டார்.

இவர்கள் எல்லாரும் உங்கள் குடும்பமா?

பின்னால் நிற்பவர்களுக்குப் புரியாது. அவளுக்குப் புரிந்தது. ஒரு சொல் விடாமல்.

முதலில் வந்தது அந்தப் பெருமைதான். மற்றதெல்லாம் பிறகுதான் வந்தது.

மதுரையில் அவள் போன இன்டர்வியூ பயிற்சி வகுப்பில் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்வார்கள். யெஸ் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பட்டிக்காடு என்று கண்டுபிடித்துவிடுவான். முழு வாக்கியமாகச் சொல். கண்ணைப் பார்த்துச் சொல்.

கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

ஆமாம் சார், எல்லாரும் என் குடும்பம்தான், அக்கா கல்யாணம் முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு திக்கல் இல்லை. ஒரு பிழை இல்லை.

"வெரி குட்" என்றார்.

பேனாவைத் திறந்தார். ஒரு வரி எழுதினார். அவள் பக்கமிருந்து அது தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவும் அவளுக்கு வாசிக்க வரும்.

சொந்தக்காரர்கள். கூலியாட்கள் அல்ல. வண்டியில் சரக்கு இல்லை.

காது இரண்டும் சுட்டன.

நடித்து ஏமாற்றிவிட்டான் என்று நினைத்துப் பார்த்தாள். கோபம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு வருகிற கோபம், வாத்தியாரோடும் கண்டக்டரோடும் மல்லுக்கு நின்ற கோபம், இப்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஆள் என்ன செய்தார்? உட்காரச் சொன்னார். அவ்வளவுதானே.

முதுகுக்குப் பின்னால் அத்தையின் குரல் கிசுகிசுத்தது.

"கேட்டீகளா? தொர மக கணக்கா சரளமா பேசிப்புட்டா. நம்ம பக்கம் பேசவும் ஒரு ஆளு வேணும்ல."

"அதான் படிக்கவச்சது" என்றார் மாமா.

அவர் செயற்கைக் காலுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தார். இன்றைக்குச் சமரசமானால் சித்திரைக்குள் நடந்துவிடலாம் என்று பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஊன்றுகோல் முன்னால் நகரும் சத்தம் கேட்டது. குனிந்து, அவள் தோளருகில் வந்து கேட்டார்.

"என்னத்தா கேட்டாரு?"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"சாப்ட்டாச்சான்னு கேட்டாரு மாமா."

ஒச்சம்மா அத்தைக்குப் பூரித்துவிட்டது.

"பாருங்க, கம்பெனிக்காரவுகள்லயும் மனுசன் இருக்கான்."

அதிகாரி ஃபைலை நீதிபதி பக்கம் தள்ளி, அவர் காதருகே சாய்ந்தார்.

அத்தை அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். இடது கை நெஞ்சுக்கு வந்துவிட்டது. எலும்பு முறிந்து தகடு வைத்த வலது கை இடுப்புக்கு மேலே ஏற மறுத்தது.

அத்தை விடவில்லை. இடது கையால் அதைப் பிடித்துத் தூக்கி, சேர்த்துவைத்துக் கும்பிட்டாள்.