புள்ளத்தாச்சிக்கு வழி

எள் போட்டால் எள் விழாத ரங்கநாதன் தெருவின் கிறிஸ்துமஸ் கூட்டம், ஜெனிதாவின் ஒன்பது மாத வயிற்றைக் கண்டதும் தானாகப் பிளக்கிறது. அவளுக்கோ அவசரம், உள்ளே பிள்ளை சரியாக மூத்திரப்பையின் மேலேயே உதைக்கிறது. "புள்ளத்தாச்சி வர்றா, வழி வுடு!" என்று மாமியார் தேசம்மா பின்னாலிருந்து கத்துகிறாள். சீரியல் விளக்குகளின் வெளிச்சத்தில் வளைகாப்பு வளையல்கள் குலுங்க, இடுப்பைத் தாங்கிக்கொண்டு ஆடி ஆடி நடந்து, ஒரு துணிக்கடையின் கழிப்பறைக் கதவைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறாள் ஜெனிதா. மாமியாருக்குப் பின்னால் பைகளும் மூட்டைகளுமாக முன்பின் தெரியாத ஒரு கூட்டமே வரிசையாக நிற்கிறது. அவள் பிளந்த வழியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தவர்கள். "பதறாம போய்ட்டு வாம்மா," என்கிறாள் அவர்களில் ஒருத்தி, இடுப்பிலிருந்த புதுக் குடத்தை இறக்கி வைத்தபடி. "நாங்க இங்கியே நின்னுக்கினு கீறோம். மாம்பலம் ஸ்டேஷன் வரிக்கும் நீயே முன்னாடி நட!"