அடிக்கிளை

விடிந்ததும் பறவைகள் ஒரு புங்கமரத்தில் கூடிப் பாடும். கூலி எதுவும் கிடையாது. பாட ஆசைப்பட்டவர்கள் வந்தார்கள். உயரப் பறக்க முடியாதவர்களும் வரட்டும் என்று அடிக்கிளையை ஒதுக்கிய பிறகு, கௌதாரியும் வந்தது.

முதல் நாளே மைனா கேட்டது: "மரம் எல்லாருக்கும் பொதுதானே? இவங்களுக்கு மட்டும் எதுக்குத் தனிக் கிளை?"

மரத்தைக் கவனித்துவந்த காகம், "கௌதாரி, நீயே சொல்லிடும்மா," என்றது.

கௌதாரி பொறுமையாகச் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் வெயில் ஏறி, கூட்டம் கலைந்துவிட்டது. மறுநாள் கிளி வந்து அதையே கேட்டது. அதற்கடுத்து ஒரு தவிட்டுக்குருவி.

"தினமும் இதைத்தானே சொல்றேன்?" என்றது கௌதாரி.

"கோபப்படாதேம்மா. பாவம், அது புதுசு," என்றது காகம்.

கௌதாரி அன்றும் பதில் சொன்னது. பாட வந்த பாட்டைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு புதருக்குத் திரும்பியது. அப்புறம் அது வரவே இல்லை.

சில நாள் கழித்து ஒரு வாலாட்டிக்குருவி புதிதாக வந்தது. கீழே பார்த்து, "இந்தக் கிளை சும்மாதானே கிடக்கு? எதுக்கு ஒதுக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டது.

காகம் பழக்கத்தில் அடிக்கிளைப் பக்கம் திரும்பியது.

"நீயே சொல்லிடும்மா," என்றது.