ஸ்டீயரிங்கின் அறிமுகம்

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில், கார் கேம் ஆடுவதற்கான ஒரு ஸ்டீயரிங்கைச் செருகினார்கள். இன்றைக்குள் திரையில் கார் ஓடாவிட்டால் ஸ்டீயரிங்கைப் பரணில் ஏற்றிவிடுவதாகப் பேச்சு.

"யாருப்பா நீ?" என்றது கம்ப்யூட்டர்.

ஸ்டீயரிங் தன் கம்பெனியின் பெயரைக் கம்பீரமாகச் சொன்னது.

"உன் கம்பெனி உன்னைப் பத்தி எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லலையே."

"அண்ணே, இவன் நமக்கு ஒத்துவரமாட்டான்னு அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கு" என்று சிரித்தது மவுஸ். "பரண்ல தூசி ஜாஸ்தி தம்பி, பாத்துக்கோ."

ஸ்டீயரிங் இன்னும் உரக்கப் பெயரைச் சொன்னது.

"பேரை விடு. இடது பக்கம் திரும்பு, பாப்போம்" என்றது கம்ப்யூட்டர்.

திரும்பியது. வந்த சைகையைக் கம்ப்யூட்டர் மனதில் வாங்கிக்கொண்டது. "இப்ப வலது. சரியாப் புரியலை, இன்னொரு தடவை." ஸ்டீயரிங்குக்குக் கழுத்து வலித்தது. ஆனாலும் சொன்னபோதெல்லாம் திரும்பியது.

"இப்ப உன் பிரேக் பெடலை அமுக்கு."

அமுக்கியதும், திரையில் அசையாமல் நின்ற கார் பாய்ந்து போய்ச் சுவரில் மோதியது.

"போச்சு!" என்றது மவுஸ்.

"தப்பு என்னுது. பிரேக்கை ஆக்ஸிலேட்டர்னு எடுத்துக்கிட்டேன்" என்றது கம்ப்யூட்டர்.

"அதை விடுங்கண்ணே, நான் அமுக்கித்தானே கார் ஓடிப்போய் மோதுச்சு?" என்று சந்தோஷத்தில் கத்தியது ஸ்டீயரிங். "முதல்லேருந்து சொல்லுங்க. இடதா, வலதா?"