ஐந்து முட்டை, ஏழு குஞ்சு

மார்ச் ஆறாம் தேதி, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம்; மேகம் சிறிதுமற்ற வெயில். குடியிருப்போர் சங்கச் செயலாளர், மூடி போட்ட ஓர் எவர்சில்வர் டப்பாவை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, மொட்டை மாடிப் படிகளில் ஓசையின்றி ஏறிக்கொண்டிருந்தார்.

எதிரே குழாய் ரிப்பேர்க்காரர் இறங்கி வந்தார். "சாப்பாடு யாருக்கு சார்?"

"மேல ஒரு ஜீவன் ரெண்டு நாளா எந்திரிக்காம கெடக்கு," என்றார் செயலாளர். அதில் பொய் ஏதும் இல்லை. பொய் சொல்வது அவருக்கு வழக்கமும் இல்லை.

அந்த ஜீவன், தரைத்தளத்துத் தையல்காரம்மாவின் கோழி. தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு பழைய கூடையில், ஐந்து முட்டைகளின்மேல் இறகை விரித்து அடையில் உட்கார்ந்திருந்தது. இப்போது வாய் திறப்பதில்லை. ஆனால் அடைக்கு உட்காரும்வரை, செயலாளரின் படுக்கையறைக்கு நேர் மேலே நின்று, இட்ட ஒரு முட்டைக்கு ஊர் முழுக்கத் தண்டோரா போட்டது அதுதான். அவருடைய மதியத் தூக்கம் கனவாகிப் போயிருந்தது.

முந்தின நாள் சங்கக் கூட்டத்தில் விவகாரம் வெடித்தது. கோழி வெளியேற வேண்டும் என்றார் செயலாளர். கோழி போனால் தானும் வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னார் தையல்காரம்மா. பிள்ளைகள் குஞ்சு பார்க்கட்டுமே என்றார்கள் மற்றவர்கள். மாதம் முடிவதற்குள் ஒரு குஞ்சாவது பொரித்தால் கோழி நிரந்தரமாகத் தங்கலாம்; இல்லையேல் வெளியேற வேண்டும்; முடிவை எழுதிக் கையெழுத்திட வேண்டியவர் செயலாளர் என்று ஒருவழியாகத் தீர்மானமாயிற்று.

"இருபத்தொரு நாள் போதுமே. மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு?" என்று கேட்டார் அவர்.

"மொதல்ல கோழிக்கு மனசு நிலைக்கணும்ல சார். எடுத்த எடுப்புல உக்காந்துருமா?" என்றார் தையல்காரம்மா.

கோழிக்கு மனசாம். செயலாளர் கூட்டத்தை முடித்துவைத்தார்.

டப்பாவுக்குள் இருந்தவை ஐந்து அவித்த முட்டைகள். அளவும் நிறமும் பார்த்துப் பொறுக்கி, ஓடு விரியாமல் தம் கையாலேயே அவித்து, ஆறவைத்துத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். சமையலறையில் அவர் பிழையின்றிச் செய்த முதற்காரியம் அதுதான்.

நான்கு முட்டைகளை மாற்றும்வரை கோழி பொறுத்துக்கொண்டது. ஐந்தாவதற்கு அவர் மணிக்கட்டில் ஒரு கொத்து விழுந்தது. கூடையிலிருந்து எடுத்தவற்றைச் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பைகளிலும் அவசரமாக இட்டுக்கொண்டு, கம்பிமேல் நடக்கும் கழைக்கூத்தாடியைப் போல இரு கைகளையும் விரித்தபடி அவர் இறங்கி வந்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆம்லெட் ஆயிற்று.

"ஏதுங்க இது?" என்றார் மனைவி.

"தெரிஞ்சவங்க குடுத்தது. நாட்டுக்கோழி முட்டை."

"கடை முட்டையாட்டம் சப்புன்னு இருக்கு."

"உனக்கு நாக்கு செத்துப்போச்சு."

"உங்களோட இத்தன வருஷம் குப்பை கொட்டினதுக்கு நாக்கோட போச்சேன்னு நெனச்சுக்கணும்."

செயலாளர் தம் பங்கை மிச்சமின்றிச் சாப்பிட்டார். மறுநாள் மதியம் நிம்மதியாகத் தூங்கினார். எழுந்ததும், 'மேற்படி கோழி வெளியேற்றப்படுகிறது' என்று அடித்தல் திருத்தலின்றி எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்தார்.

மார்ச் முப்பதாம் தேதி காலையில் மாடியில் 'கீச்' என்றது. பிள்ளைகள் படிகள் அதிர ஓடினார்கள், அவரும் ஓடினார். கோழியின் இறகுக்கடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தலை நீண்டது. மொத்தம் ஏழு.

பிள்ளைகள் கைதட்டினார்கள். செயலாளர் விரல்விட்டு மறுபடி எண்ணினார். அவித்த முட்டை பொரிப்பதே அதிசயம். ஐந்து முட்டையில் ஏழு குஞ்சு என்பது எந்தக் கணக்கிலும் அடங்காதது. விளக்கம் கேட்கலாமென்றால், முட்டை ஐந்துதான் என்று உமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி முதலில் வரும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கினார்.

முந்தைய தாளைக் கிழித்தெறிந்தார். 'மேற்படி கோழி, குஞ்சுகளுடன் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தரைத்தளத்துக்குச் சென்று, தையல்காரம்மாவிடம் நேரில் நீட்டினார்.

அவர் தாளை இருமுறை படித்துப் பார்த்து, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகு அலமாரியிலிருந்து, பளபளவென்று விளக்கி வைத்திருந்த ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அதன் அடியில் செயலாளரின் வீட்டு எண் பொறித்திருந்தது.

"கோழி நிலைச்சு உக்காருதான்னு பாக்க, மொதல்ல கடை முட்டையத்தான் வெப்போம் சார். பொரிக்கிற முட்டைய அதுக்கப்புறந்தான் மாத்துவோம்."

செயலாளர் டப்பாவை வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல் படியேறினார். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடுத்த தடவ அவிக்கும்போது, ஒரு கல்லு உப்புப் போடுங்க சார்."